புல் ஆயுதம் ஆகாது

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்ற பழமொழியை நம் நாட்டில் யார் எந்தச் சந்தர்ப்பத்தில் எடுத்துச் சொன்னாலும் கேட்பவர் தலையசைத்துவிடுகிறார். போர்க்களத்தையும் புலவர் சபையையும் பற்றிய அளவில் அதற்கு ஒரு நியாயம் உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால், மதுரை நகரத்து இரு சக்கர வண்டிப் பட்டறைகளிலும், மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பம்புசெட் கொட்டகைகளிலும், நாற்கரச் சாலையோரத்தில் இரவெல்லாம் விளக்கெரியும் பஞ்சர் கடைகளிலும் அதே வாக்கியம் ஒரு தொழிற் சித்தாந்தமாகவே நிலைபெற்று, "கை பழகியிருந்தால் போதும், ஸ்பேனர் எதுவானால் என்ன" என்ற வடிவத்தில் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு உபதேசமாகச் சென்றுகொண்டிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த உபதேசம் தவறானது. தவறு என்பதோடு நில்லாமல் பொருளையும் காலத்தையும் சில வேளைகளில் உயிரையும் தின்பது. அதை மறுப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இந்தச் சித்தாந்தத்தைப் பேசுவோர் மூன்று வார்த்தைகளைச் சொல்வதுண்டு. ஒரு நல்ல ஸ்க்ரூ ஸ்பேனர் இருந்தால் எந்த நட்டையும் கழற்றலாம், மாட்டலாம் என்பது ஒன்று. போல்ட் எவ்வளவுக்கெவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு பத்திரம் என்பது மற்றொன்று. இறுக்கம் போதுமா போதாதா என்பதைத் தேர்ந்த மேஸ்திரியின் கையே சொல்லிவிடும், அதற்கு அளவுகோல் எதற்கு என்பது மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு கூற்றுகளாகத் தோன்றினாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றே. கருவி என்பது கைக்கு ஏவல் செய்யும் ஜடப்பொருள், அறிவெல்லாம் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையே அந்த வேர். ஸ்பேனரின் நீளத்திலும் வாயிலும் அதைச் செய்தவன் ஓர் அளவை அமைத்து வைத்திருக்கிறான் என்பதையும், தகுந்த ஸ்பேனரை எடுப்பவன் அந்த அளவையும் சேர்த்தே கையில் எடுக்கிறான் என்பதையும் அந்த நம்பிக்கை காணத் தவறுகிறது.

முதலில் போல்ட் செய்யும் காரியம் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு இரும்புத் துண்டுகளைத் துளையிட்டு ஒரு முளையைச் செருகி வைப்பதுபோல அது அவற்றை வெறுமனே கோத்து வைப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், நட்டை இறுக்கும்போது போல்ட்டின் தண்டு கண்ணுக்குப் புலப்படாத அளவில் நீள்கிறது. நீண்ட எஃகு மறுபடி தன் பழைய நிலைக்குச் சுருங்க முயல்கிறது. அந்த முயற்சியே இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து வைக்கிறது. தம்புராவின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பவன் எப்படி ஒரு ஸ்தானத்துக்குக் குறைந்தால் நாதம் எழாது என்றும் கடந்தால் தந்தி அறும் என்றும் அறிந்திருக்கிறானோ, அப்படி ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்குரிய ஒரு முறுக்கு உண்டு. தலையில் 8.8 என்று பொறித்த 8 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் இரண்டரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ, ஏறத்தாழ அவ்வளவே அதற்கு வேண்டியது. அந்த முறுக்கில் அது சுமார் ஒன்றரை டன் விசையோடு பாகங்களைப் பிடித்து நிற்கும். தலையில் உள்ள அந்த எண்களும் அலங்காரத்துக்காகப் பொறிக்கப்பட்டவை அல்ல. முதல் எட்டு, அந்த எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் எண்பது கிலோ இழுவையில் அறும் என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின் வரும் எட்டு, அந்த இழுவையில் பத்தில் எட்டுப் பங்கை எட்டியதுமே அது மீளாதபடி நீண்டுவிடும் என்பதைச் சொல்கிறது. மீளாதபடி நீண்ட போல்ட் அறாமல் இருந்தாலும் கெட்டுப்போனதே. வெளித்தோற்றத்தில் இறுகியதுபோலக் காணப்படும் அது, அடுத்த முறை கழற்றி மாட்டும்போதோ, நெடுஞ்சாலையில் வண்டி அதிரும்போதோ கைவிட்டுவிடும்.

இனி அந்த 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு உரிய 13 நம்பர் ரிங் ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பாருங்கள். போல்ட்டின் நடுவிலிருந்து கை பிடிக்கும் இடம்வரை சுமார் 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். திடகாத்திரமான ஒருவர் அதை மணிக்கட்டும் முன்கையும் கொண்டு இயல்பாக இழுத்தால் பதினைந்து, பதினாறு கிலோ விசை விழும். கணக்கிட்டால் அது ஏறத்தாழ அந்த இரண்டரைக் கிலோகிராம் மீட்டரில் வந்து நிற்கும். இது தற்செயலாக அமைந்த பொருத்தம் அன்று. சிறிய ஸ்பேனர் சிறியதாகவும் பெரிய ஸ்பேனர் பெரியதாகவும் இருப்பது இரும்பை மிச்சப்படுத்துவதற்காக என்று எண்ணுபவர்கள் அதைச் செய்தவனின் நுட்பத்தை உணராதவர்கள். இப்போது அதே போல்ட்டில் பன்னிரண்டு அங்குல ஸ்க்ரூ ஸ்பேனரை மாட்டி, முழுத் தோள்பலத்தோடு இருபத்தைந்து கிலோ விசையில் இழுங்கள். முறுக்கு ஏறத்தாழ இரண்டேமுக்கால் மடங்காகிறது. அதன் கைப்பிடியில் ஒரு துண்டுக் குழாயைச் செருகி நீளத்தை அறுபது சென்டிமீட்டராக்கினால் ஆறு மடங்காகிறது. எந்த 8 மில்லிமீட்டர் போல்ட்டும் இதைத் தாங்கக் கடமைப்பட்டதல்ல. "போல்ட் மட்டம், கம்பெனி சரக்கு இல்லை" என்று கடைக்காரரைப் பழிப்பவர்களில் எத்தனையோ பேர் தாங்கள் செருகிய குழாயைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஸ்க்ரூ ஸ்பேனரை நான் வெறுப்பதாக யாரும் எண்ண வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் யோஹான் பெட்டர் யோஹான்ஸன் என்ற ஸ்வீடன் தேசத்துப் பட்டறைக்காரர் அதன் இன்றைய வடிவத்தை உருவாக்கியபோது, ஊர் ஊராகச் செல்லும் ரிப்பேர்காரர் வண்டி நிறைய ஸ்பேனர் சுமக்கும் துன்பத்தைக் குறைத்தார். அது போற்றத்தக்க உபகாரம். குழாய் யூனியன்களுக்கும், அளவு தெரியாத பழைய நட்டுகளுக்கும், ஒரு பக்கம் எதிர்முனையை அசையாமல் பிடித்துக்கொள்வதற்கும் அதற்கு இணையான கருவி இல்லை. ஆயினும் அதன் அசையும் தாடை எத்தனை நல்ல வேலைப்பாடாக இருந்தாலும் சிறிது ஆட்டம் கொடுத்தே தீரும், விசை ஏறும்போது அந்த ஆட்டம் நட்டின் இரண்டு மூலைகளில் மட்டும் அழுத்தத்தைக் குவிக்கிறது, மூலைகள் மழுங்குகின்றன. "நட்டு ரவுண்டு ஆகிவிட்டது" என்று பட்டறைகளில் சொல்வது இந்த விபத்தைத்தான். நிலைத்த தாடை விசையைத் தாங்கும்படி, அசையும் தாடை திருப்பும் திசைப் பக்கம் இருக்க மாட்ட வேண்டும் என்ற சிறு நியமத்தைக்கூடப் பலரும் கற்றுக்கொள்வதில்லை. திறந்த வாய் ஸ்பேனரும் இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றுகிறது. நட்டை விரைவாக ஓட்டுவதற்கு அது போதும். கடைசி இறுக்கத்துக்கும் முதல் நெகிழ்ச்சிக்கும் ஆறு மூலைகளையும் அணைத்துப் பிடிக்கும் ரிங்கோ பாக்ஸோதான் வேண்டும். துருவேறிய தலைக்குப் பன்னிரண்டு முகம் கொண்ட ரிங்கைவிட ஆறு முகம் கொண்ட பாக்ஸ் மேலானது. அது மூலையைத் தொடாமல் பக்கத்தைத் தாங்குகிறது.

நமது பிரதேசத்தில் இந்தத் தேர்வு இன்னும் சிக்கலானது என்பதையும் கவனிக்க வேண்டும். இதை எதிர்த்தரப்பார் தமக்குச் சாதகமான வாதமாக எடுப்பதுண்டு; "இத்தனை அளவுகள் இருக்கும்போது எதைத் தேடுவது, ஸ்க்ரூ ஸ்பேனரே கதி" என்பார்கள். சரித்திரத்தைப் பார்த்தால் அந்தச் சிக்கலே எனக்குச் சாட்சியாகிறது. மதுரைக்கு நூற்பாலை யந்திரங்களும், பிற்பாடு வயல் கிணறுகளுக்கு லிஸ்டர், பெட்டர் எண்ணெய் எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்து வந்தபோது, 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மறையின் வழியில் வந்த போல்ட்டுகளே அவற்றோடு வந்தன. பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்து சேர்ந்த இடத்துக்குப் பைக்காரா என்றே பெயர் நிலைத்துவிட்ட இந்த ஊரில், மோட்டார் பம்புகளும் அந்த முறையிலேயே வந்தன. அந்தக் காலத்து ஸ்பேனரில் பொறித்த எண் நட்டின் அகலத்தைக் குறிப்பதல்ல, போல்ட் தண்டின் கனத்தைக் குறிப்பது. கால் அங்குலம் என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாய் உண்மையில் 13.3 மில்லிமீட்டர், அரை அங்குலம் என்று பொறித்ததன் வாய் 23.4 மில்லிமீட்டர். அமெரிக்க முறையிலோ பொறித்த அங்குலமே வாயின் அகலம். ஆகவே அவர்களது அரை அங்குல ஸ்பேனர் வெறும் 12.7 மில்லிமீட்டர்.

1956-இல் பாராளுமன்றம் எடை அளவைச் சட்டத்தை இயற்றி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்த பிறகு புதிய யந்திரங்கள் மில்லிமீட்டரில் வரத் தொடங்கின. பழையவை துரு ஏறியபடி கிணற்று மேட்டிலேயே நின்றன. 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு இரு சக்கர வண்டிகள் வந்து குவிந்தபோது மூன்றாவது குழப்பம் சேர்ந்தது. சர்வதேச அளவுமுறையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 13. ஜப்பானிய வண்டியில் அதே போல்ட்டின் தலை 12. 10 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை சர்வதேச முறையில் 16 அல்லது 17, ஜப்பானிய வண்டியில் 14. ஒரே கொட்டகையில் பழைய எஞ்சினும் புதிய மோட்டாரும் ஜப்பானிய வழி வந்த வண்டியும் நிற்கும் விவசாயி, ஒரே பார்வையில் ஒன்றுபோல் தோன்றும் மூன்று அளவு நட்டுகளைச் சந்திக்கிறார். அமெரிக்க முறையின் 12.7 மில்லிமீட்டர் தலையிலும் 13 நம்பர் ஸ்பேனர் ஏறிவிடும். மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளியை அலட்சியமாக எண்ணி இழுத்தால், பத்துத் தடவையில் ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது. பத்தாவது தடவை மூலை உதிரும். இத்தகைய சூழலில் வேண்டுவது அதிக ஜாக்கிரதையா, குறைந்த ஜாக்கிரதையா? அளவுகள் பெருகப் பெருகத் தேர்வின் அவசியம் பெருகுகிறது என்பதைத் தவிர இதிலிருந்து வேறு முடிவு எனக்குத் தோன்றவில்லை.

இப்போது மேஸ்திரியின் கை என்ற வாதத்துக்கு வருகிறேன். இதுவே எதிர்த்தரப்பின் பலமான கோட்டை. இதை மரியாதையோடுதான் அணுக வேண்டும். நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவரின் கையில் ஒரு ஞானம் உண்டு என்பது பிரத்தியட்சம். மறை சிலுப்புவதையும், வாஷர் படிவதையும், போல்ட் நீளத் தொடங்கும் தருணத்து மென்மையையும் அந்தக் கை உணர்கிறது. ஆனால் அந்த ஞானம் எந்தக் கருவியைப் பிடித்துச் சேர்ந்தது? குறிப்பிட்ட நீளமுள்ள, குறிப்பிட்ட வாயுள்ள, தினந்தோறும் பழகிய ஸ்பேனர்களைப் பிடித்துச் சேர்ந்தது. கருவியை மாற்றிவிட்டால் கையின் கணக்கும் மாறிவிடுகிறது. இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. நாம் செலுத்தும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி, தலைக்கு அடியில் உண்டாகும் உராய்விலே செலவாகிறது. நூற்றுக்கு நாற்பது பங்கு மறையின் உராய்வில் போகிறது. போல்ட்டை இழுத்து நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கே. மறையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் உராய்வு குறைகிறது, அதே முறுக்கு போல்ட்டை வெகுவாக அதிகம் இழுத்துவிடுகிறது; துருவோ மணலோ இருந்தால், கைக்கு இறுகியதாகத் தெரிந்தும் போல்ட் நீளவே இல்லை. கை உணர்வது மொத்த எதிர்ப்பை மட்டுமே. அதில் எத்தனை பங்கு உராய்வு என்று பிரித்துச் சொல்லும் புலன் மனிதனுக்கு அமையவில்லை. ஆகவேதான் எஞ்சின் ஹெட் போன்ற இடங்களில் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சும், எண்ணெய் இடுவதா வேண்டாமா என்ற குறிப்பும், எந்த வரிசையில் எத்தனை தவணையில் இறுக்குவது என்ற நியமமும் யந்திரத்தோடு வரும் புத்தகத்தில் சொல்லப்படுகின்றன. அவற்றைப் புத்தகப் படிப்பு என்று ஒதுக்குவது, அந்த யந்திரத்தைப் படைத்தவர்களின் அனுபவத்தையே ஒதுக்குவதாகும்.

மதுரைக்கு இது புதிய பாடமும் அல்ல. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் இந்த ஊரில் பஸ் ஓட்டத் தொடங்கினார். 1972-இல் அந்தப் போக்குவரத்து அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாகும்வரை, டி.வி.எஸ். பஸ் வரும் நேரத்தைக் கொண்டு கடிகாரத்தைச் சரிசெய்தோம் என்று சொல்லும் பெரியவர்களை மதுரையில் எங்கும் கேட்கலாம். அந்தச் சாலைகளில், அந்தக் காலத்து வண்டிகளைக் கொண்டு அப்படி ஒரு நேர ஒழுங்கைச் சாதித்தது, வழியில் நிற்கும் பஸ்ஸைப் புல்லைக் கொண்டு ஓட்டிக் காட்டிய வல்லவர்களின் சாகசமாக இருந்திருக்க முடியாது. வழியில் நிற்காதபடி பஸ் புறப்படுமுன்பே பராமரித்த ஒழுங்கின் பலன் அது என்பதே என் துணிபு. அதே குடும்பத்தார் 1960-களில் சென்னைப் பாடியில் சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, உயர்வலிமைப் போல்ட்டுகள் செய்வதையே பெருந்தொழிலாக்கினார்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் வழியில் ஆவியூர்ப் பக்கத்திலும் அதன் தொழிற்சாலை இருக்கிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கணக்கிட்டுப் போல்ட் செய்யும் தொழில் நடக்கும் இதே சமவெளியில், அந்தப் போல்ட்டைக் குழாய் செருகி இறுக்குவதும் கட்டிங் பிளேயர் கொண்டு கழற்றுவதும் நடந்துகொண்டிருப்பது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது.

அதிக இறுக்கம் அதிகப் பத்திரம் என்பவர்களுக்கு இரண்டு இடங்களைச் சுட்டிக் காட்டினால் போதும். இரு சக்கர வண்டி எஞ்சினின் அடியில் ஆயில் மாற்றுவதற்காக உள்ள ட்ரெயின் போல்ட் எஃகு. அது ஏறும் மறையோ மிருதுவான அலுமினியம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் இறுக்கிக்கொண்டே வந்தால் ஒருநாள் மறை முழுவதும் போல்ட்டோடு உரிந்து வந்துவிடுகிறது. பிறகு பெரிய மறை வெட்டுவது, சுருள் செருகுவது என்று லேத் பட்டறைக்கு அலைய வேண்டும். மற்றொன்று கார், வேன்களின் சக்கர நட்டு. "நல்லா மிதிச்சு இறுக்குங்கண்ணே" என்று வண்டிக்காரரே சொல்ல, பஞ்சர் கடைக்காரர் வீல் ஸ்பேனரில் குழாய் செருகி ஏறி நிற்கிறார். அல்லது காற்றுத் துப்பாக்கியை நட்டு அலறும்வரை அழுத்துகிறார். போல்ட் மீளாதபடி நீண்டு பிடிப்பை இழப்பது ஒரு புறம் இருக்க, கொட்டாம்பட்டிக்கு அப்பால் நள்ளிரவில் டயர் வெடித்தால், வண்டியோடு வந்த சிறிய ஸ்பேனரால் அந்த நட்டை அசைக்க ஒரு பெண்ணாலோ முதியவராலோ முடியுமா? அவர்கள் கையில் இருக்கும் கருவிக்கு அடங்காதபடி இறுக்குவது அவர்களை நடுச்சாலையில் கைவிடுவதற்குச் சமம். இறுக்கம் குறைந்தாலும் சக்கரம் கழன்று உயிர்ச்சேதம் நேரும் என்பது உண்மை. ஆகவேதான் நட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி உரிய முறுக்குக்கு இறுக்கி, சிறிது தூரம் ஓட்டிய பின் மறுபடி சோதிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

கழற்றுவது வேறு கலை. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், துருப்பிடித்த மறை தன் இடுக்கிலேயே தன்னை நெரித்துக்கொண்டு நிற்கிறது. அங்கே பலம் முதல் உபாயமாக இருத்தலாகாது. மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ இட்டு இரவு முழுவதும் ஊறவிடுவதும், தலையில் நேராகச் சில தட்டுகள் தட்டித் துருவை உடைப்பதும், கழற்றும் திசையில் திருப்புமுன் இம்மியளவு இறுக்கும் திசையில் அசைத்துப் பார்ப்பதும் பழைய பட்டறைக்காரர்கள் நன்கறிந்த வழிகள். எதிர்மறை எங்கே இருக்கும் என்ற அறிவும் வேண்டும். சைக்கிளின் இடது பெடலும், சாணை மோட்டாரின் இடது பக்கத்து நட்டும், பழைய பல லாரிகளின் இடது சக்கர நட்டுகளும் எதிர்த் திசையில் கழல்பவை என்பதை அறியாமல் எத்தனை பேர் இறுக்கும் திசையிலேயே இழுத்து முறித்திருக்கிறார்கள்! நீண்ட பாருக்கு நியாயமான இடம் ஒன்று உண்டென்றால் அது இங்கேதான். ஆறு முகப் பாக்ஸும் உறுதியான பாரும் கொண்டு, தள்ளாமல் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். தள்ளும்போது ஸ்பேனர் வழுக்கினால் விரல் முட்டிகள் இரும்பில் போய் மோதும். டார்க் ரெஞ்சைக் கழற்றுவதற்குப் பிரயோகிப்பது அந்த அளவுகோலையே கெடுப்பது.

செலவு என்ற ஆட்சேபத்தை நான் இலேசாக எண்ணவில்லை. சொந்தமாகச் சிறு கடை வைத்து அன்றாடம் பிழைப்பவரிடம் முழு ஸ்பேனர் தொகுதியும் டார்க் ரெஞ்சும் வாங்கச் சொல்வது எளிது, வாங்குவது எளிதன்று. ஆயினும் நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலான வேலை 8-இலிருந்து 19 வரையுள்ள நம்பர்களிலேயே முடிந்துவிடுகிறது. அந்த அளவுகளில் நல்ல எஃகால் செய்த ரிங் ஸ்பேனர்களையும் பாக்ஸ்களையும் சிறிது சிறிதாகச் சேர்த்தால் அவை ஆயுள் முழுவதும் உழைக்கும். ஒரு டார்க் ரெஞ்சை நான்கு கடைக்காரர்கள் கூட்டாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு போல்ட் உள்ளே முறிந்து நின்றால் அதைத் துளையிட்டு எடுக்க ஆகும் பொழுதையும், அதற்குள் திரும்பிப் போய்விடும் வாடிக்கையாளர்களையும் கணக்கில் சேர்க்காதவர்களுக்கே ஸ்பேனர் செலவு பெரிதாகத் தெரிகிறது.

பழமொழிக்குப் பெரியோர் வாக்கின் ஆதரவு வேண்டுமென்று யாரேனும் கருதினால் அதுவும் கிடைக்காது. வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர், ஒரு காரியத்தைத் தொடங்குமுன் ஐயமறத் தெளிந்துகொள்ள வேண்டியவை ஐந்து என்று வகுத்து, பொருளுக்கு அடுத்தபடியாகக் கருவியை வைத்திருக்கிறார். செய்பவன் வல்லவனாயின் கருவியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று அவர் அங்கே விலக்குக் கொடுக்கவில்லை.

கே. புதூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்தும் மற்ற நிலையங்களிலிருந்தும் வருஷந்தோறும் இளைஞர்கள் ஸ்பேனரின் அளவுகளைக் கற்றுக்கொண்டு வெளிவருகிறார்கள். அவர்கள் வேலைக்குச் சேரும் முதல் பட்டறையிலேயே, "அதெல்லாம் இங்கே ஆகாது, இதைப் பிடி" என்று ஒரு ஸ்க்ரூ ஸ்பேனரும் ஒரு துண்டுக் குழாயும் கையில் கொடுக்கப்பட்டால் அவர்கள் கற்றது அன்றோடு அழிந்துபோகிறது. ஆகவே புதூர், கப்பலூர்த் தொழிற்பேட்டைகளில் உள்ளவர்களையும், நகரத்து வீதிகளில் பட்டறை நடத்தும் மேஸ்திரிமார்களையும் நான் கேட்டுக்கொள்வது இது: அந்தக் குழாய்த் துண்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, வேலைக்கு வரும் இளைஞன் கையில் முதல் நாளே பன்னிரண்டு பதின்மூன்று ரிங் ஸ்பேனரைக் கொடுத்து, அதன் நீளம் ஏன் அவ்வளவாக இருக்கிறது என்பதையும் அவனுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.